நட்ட பிறகு யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நகரங்களில் மரம் நடுவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எத்தனை கன்று நட்டார்கள் என்ற கணக்கு இருந்தது, அடுத்த கோடையில் எத்தனை மிஞ்சின என்ற கணக்கு இல்லை. நான் தினமும் நடக்கப் போகும் பூங்காவிலும் போன வருடம் வரிசையாகக் கன்று வைத்தார்கள். பட்டுப்போன ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், கருப்புப் பாலித்தீன் பையைக்கூடக் கிழிக்காமல் அப்படியே புதைத்திருக்கிறார்கள், வேர் வெளியே வர வழியில்லாமல் பைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

நட ஆள் இருக்கிறது, அப்புறம் பார்க்கத்தான் ஆள் இல்லை. மரத்தோடு உண்ணும் செடிகொடிகளையும் சேர்த்து வளர்க்கிற வேளாண் காடு முறையை நகரப் பூங்காக்களுக்கும் கொண்டுவரலாம் என்று நான் சொல்வது இதனால்தான். மேலே உயரமான மரம், கீழே சின்னப் பழமரம், அப்புறம் புதர், தரையில் மூலிகையும் படர்கொடியும் என்று அடுக்கடுக்காக வைத்து அது ஒருமுறை வேர்பிடித்துவிட்டால், புல்தரைக்கு ஊற்றுகிற அளவுக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. நிழலும், மண்ணை மூடிக் கிடக்கும் சருகு மூடாக்கும் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, சேர்த்துத் தரும். சரி, இதெல்லாம் மண்ணுக்கு. பறிக்க ஏதாவது இருந்தால் மனிதர்களும் வருவார்கள், வாடினால் கேட்பார்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2012-இல் தொடங்கிய பீக்கன் உணவுக் காடு இப்படித்தான் நடக்கிறது. நிலம் நகர நிர்வாகத்துடையது, உழைப்பு பெரும்பாலும் தன்னார்வலர்களுடையது, விளைந்ததை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். ஒரே ஆள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று உடனே கேட்பார்கள். போகட்டுமே, யாரும் எட்டிப் பார்க்காமல் காய்ந்து கிடப்பதற்கு அது தேவலை.

அதற்காகக் கண்ட இடத்திலும் வைத்துவிட முடியாது. பழைய பட்டறை இருந்த நிலமென்றால் மண்ணில் ஈயம் இருக்கலாம், பரிசோதித்துவிட்டுத்தான் உண்பதை நட வேண்டும். சாலையோரத்தில் கீரை வேண்டவே வேண்டாம். நடைபாதைக்கு மேலே பழமரம் வைத்தால் விழுந்த பழத்தில் வழுக்கும், ஈ மொய்க்கும்.

இன்னொன்று, சருகு. அதைக் குப்பை என்று கூட்டி லாரியில் ஏற்றிவிட்டு, அதே மரத்துக்கு உரமூட்டை வாங்கிப் போடுகிற வேடிக்கையை இன்னும் எத்தனை நாள் பார்ப்பது?

அடுத்த மரம் நடுவிழாவுக்கு உங்கள் நிருபர் போனால், இந்தக் கன்றுக்கு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று மட்டும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்