‘மாத வருமானம்’ என்ற கட்டத்தில் நான் என்ன எழுதுவது?

திட்டங்களுக்குச் செலவுக் கணக்கும் பலன் கணக்கும் போட்டு, எது தேறும், எது தேறாது என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரிகளுக்கும் பொருளாதார நிபுணர்களுக்கும்,

வணக்கம். நான் பாம்பன் பக்கத்தில் ஒரு மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். பதினாறு வருஷமாக இதுதான் வேலை. டீசல் மானியம், தடைக்கால நிவாரணம், அப்புறம் கடலில் யாராவது தவறிப்போனால் அந்தக் குடும்பத்துக்கான மனு, எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். எண்களைப் பார்த்து மிரளுகிற ஆள் இல்லை என்பதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் இறங்குதளத்துக்கு ஒரு மீட்புப் படகும் கரையில் ஒரு பெரிய விளக்கும் கேட்டு மனு கொடுத்திருந்தோம். அதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டார்கள். வந்திருந்த அதிகாரி பொறுமையான மனிதர், எங்கள் ஆட்கள் குறுக்கே பேசியபோதுகூட முகம் சுளிக்கவில்லை. படகுக்கும் ஆள் சம்பளத்துக்கும் செலவு இவ்வளவு, பத்து வருஷத்தில் காப்பாற்ற முடிகிற உயிர் ஏறக்குறைய இத்தனை, அவர்கள் மிச்ச காலத்தில் சம்பாதிக்கக்கூடியது இவ்வளவு, கூட்டிக் கழித்துப் பார்த்தால் செலவை ஈடுகட்டவில்லை என்று சொன்னார். ஒரு ஆளின் சம்பாத்தியம் என்று எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டேன். மாதம் ஒன்பதாயிரம் என்றார். அந்த அறையில் இருந்த நாற்பது பேரும் ஒரு நிமிஷம் தங்கள் தங்கள் விலையைத் தெரிந்துகொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

பிறகு சத்தம் எழுந்தது. “உயிருக்கு விலை பேசுறீங்களா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். நான் அந்தச் சத்தத்தில் சேரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மடலின் விஷயமே அதுதான்.

அரசாங்கத்திடம் இருக்கிற பணம் ஒரு அளவுதான். ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி 2022-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் தலையில் அடிபட்டவரை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், தீவிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கல்லூரிக்குப் போன பணம் வேறு எங்கோ ஒரு பாலத்துக்கோ குடிநீருக்கோ போகாமல் வந்த பணம். அப்படித் தேர்ந்தெடுக்கிற ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் உயிரை எடை போடத்தான் செய்கிறார், வாய்விட்டுச் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. சொல்லாமல் விட்டால் அந்த இடம் வெற்றிடமாக இருக்கும், கணக்கில் வெற்றிடம் என்றால் பூஜ்யம். பூஜ்யமாக இருப்பதைவிட ஒரு எண்ணாக இருப்பது எங்களுக்கு நல்லது.

நாங்களும் எண்ணுகிறவர்கள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று நேரம், என் மச்சான் இன்னும் இரண்டு பேரோடு வள்ளத்தில் தென்கடலுக்குப் போனார். வள்ளம் கவிழ்ந்தது. இரண்டு பேர் குருசடைத் தீவுப் பக்கம் நீந்திக் கரையேறினார்கள், மச்சான் வரவில்லை. அன்றைக்கு எங்கள் ஊரில் ஒருத்தரும் தொழிலுக்குப் போகவில்லை. இருந்த படகு எல்லாம் தேடத்தான் போனது. டீசல் யார் காசு என்று யாரும் கேட்கவில்லை. கடைக்காரர் கேன் கேனாக எடுத்துக் கொடுத்தார், நான் நோட்டில் எழுதப் போனபோது “இப்ப எழுதாதப்பா” என்றார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் மாதா கோயில் வாசலில் உட்கார்ந்தார்கள். மூன்று நாளாக எந்த வீட்டிலும் மீன்பாடு இல்லை, குழுக் கடன் தவணை வருகிறது, காற்றும் குறையவில்லை. பேசி முடித்துவிட்டு ஐந்து பேர் எழுந்து என் அக்கா வீட்டுக்கு நடந்து போய், தரையில் உட்கார்ந்து, “ஆத்தா, நாளைலேருந்து தொழிலுக்குப் போறோம், போற வழியெல்லாம் பாத்துக்கிட்டேதான் போவோம்” என்று சொன்னார்கள். அக்கா கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் அந்த ஐந்து பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதுவும் கணக்குதான். ஒரு உயிருக்கு இத்தனை நாள், இத்தனை டீசல், அதற்கு மேல் முடியாது என்று போட்ட கணக்கு. அதில் அக்காவுக்கு ஊர்மேல் கோபம் இல்லை. மச்சான் எவ்வளவு சம்பாதித்தார் என்று பார்த்து அவர்கள் நாட்களை எண்ணவில்லை. வலை பின்னிக்கொண்டு கரையிலேயே இருக்கிற கிழவர் விழுந்திருந்தாலும் மூன்று நாள்தான், விசைப்படகு முதலாளி விழுந்திருந்தாலும் மூன்று நாள்தான். முடிவை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளிடமே நேரில் போய்ச் சொன்னார்கள்.

உங்கள் கணக்கில் இந்த இரண்டும் இல்லை.

அன்று கூட்டத்தில் அந்த அதிகாரி போட்ட கணக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், விபத்து வழக்குகளுக்குத் தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாலை விபத்தில் ஒருவர் இறந்தால் வருஷ வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவைக் கழித்து, வயசுக்குத் தக்க ஒரு எண்ணால் பெருக்குவார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு அட்டவணையே போட்டது. 38 வயசு ஆளுக்குப் பெருக்கும் எண் 15. மாதம் 12,000 சம்பாதித்தவர், வீட்டில் நாலைந்து பேர் அவரை நம்பி இருக்கிறார்கள் என்றால் கால் பங்கைக் கழித்து, பிற்காலத்தில் கூடக்கூடிய வருமானத்தைச் சேர்க்காமல், 16,20,000 வரும். அதே பஸ்ஸில் பக்கத்து சீட்டில் மாதம் 1,20,000 வாங்குகிறவர் இருந்திருந்தால் 1,62,00,000. இதில்கூட ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். அது செத்த பிறகு கொடுப்பது, குடும்பம் இழந்த சம்பளத்துக்கு ஈடு. அவர் உயிரின் விலை என்று நீதிபதி எங்கும் சொல்லவில்லை. ஆனால் அதே கணக்கை எடுத்துக்கொண்டு போய், இன்னும் சாகாத ஆளைக் காப்பாற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வைத்தால் விஷயமே வேறாகிவிடுகிறது. குறைந்த கூலிக்காரன் ஊருக்கு விளக்கு வராது, விளக்கு இல்லாத கடலில் அவன் சாவான், செத்த பிறகு குறைந்த நட்டஈடு வரும். முதலில் போட்ட ஒன்பதாயிரம் மூன்று தடவை அவனை அடிக்கிறது.

இன்னொரு முறை இருக்கிறது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். சம்பளத்தைப் பார்க்காமல், ஆபத்தைக் குறைக்க மக்கள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்று பார்ப்பது. லட்சத்தில் ஒருவர் சாகக்கூடிய ஒரு ஆபத்தைத் தவிர்க்க லட்சம் பேரும் ஆளுக்கு 300 ரூபாய் கொடுப்பார்கள் என்றால், அந்த ஒரு உயிரின் மதிப்பு மூன்று கோடி. இன்னார் என்று தெரியாத ஒரு உயிர், ஆபத்துக்குப் போட்ட விலை, அவ்வளவுதான் என்று 1968-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் இதைப் பிரித்துக் காட்டினார். சம்பளக் கணக்கைவிட இது எவ்வளவோ மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கரையில் இதைக் கேட்டுப் பாருங்கள். புயல் கூண்டு ஏற்றியிருக்கும்போது திருட்டுத்தனமாக வள்ளத்தை இறக்குகிறவன் தன் உயிரை மலிவாக நினைக்கிறான் என்று உங்கள் கேள்வித்தாள் எழுதிக்கொள்ளும். அவனுக்கு மறுநாள் காலையில் வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடுக்க மனசு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள், கையில் என்ன இருக்கிறது என்பதுதான் பதிலாக வருகிறது.

இதே சண்டையை உலக அளவில் நம் நாடு போட்டிருக்கிறது. 1995-இல் காலநிலை மாற்றத்தால் வரும் சேதத்தைக் கணக்கிட்ட ஐ.நா. குழுவின் அறிக்கையில், பணக்கார நாட்டு உயிருக்கு ஒரு மதிப்பும் ஏழை நாட்டு உயிருக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாத மதிப்பும் போட்டிருந்தார்கள். காரணம் அதேதான், வருமானம். இந்தியா உட்படப் பல நாடுகள் அதை எதிர்த்தன. உலக மேடையில் எங்கள் உயிரை எங்கள் கூலியால் அளக்காதே என்று டெல்லி சொன்னது சரி என்றால், பாம்பனில் இருந்து நாங்கள் உங்களிடம் சொல்வதும் சரிதானே? அமெரிக்காவில் இந்த எண் ஊரறிந்த எண். அங்கே போக்குவரத்துத் துறை 2023-க்கு ஒரு உயிருக்கு 1 கோடியே 32 லட்சம் டாலர் என்று வெளியிட்டிருக்கிறது. ஏழையா பணக்காரனா, கிழவனா குழந்தையா என்று பார்க்காமல் எல்லாருக்கும் அதே எண். 2003-இல் அங்கே சுற்றுச்சூழல் துறையின் ஒரு கணக்கில் எழுபது வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு 37 சதவீதம் குறைத்துப் போட்டிருந்தது வெளியே தெரிந்ததும் முதியவர்கள் கொதித்துவிட்டார்கள், துறை அதைக் கைவிட வேண்டியதாயிற்று. எண் வெளியில் இருந்ததால்தான் அவர்களால் சண்டை போட முடிந்தது. எங்களுக்கு அந்த ஒன்பதாயிரம் நான் கேட்டதால் தெரிந்தது, இல்லாவிட்டால் ‘தேறவில்லை’ என்ற ஒரு வார்த்தையோடு மனு திரும்பியிருக்கும்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கப் போகிற அக்காமார்களைப் பார்த்திருக்கிறீர்களா? விரலுக்கு விரல் துணியைக் கிழித்துச் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டிக்கொண்டு முங்குவார்கள். பாறை கிழிக்கும், சொறிமீன் கடிக்கும். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய அந்தக் கையை ஒரு தடவை பிடித்துப் பார்த்தால் தெரியும், ரேகை பதிகிற இயந்திரம் அந்த விரலை ஏற்காமல் ரேஷன் கடையில் எத்தனை தடவை துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள் என்று. மாசத்தில் சில நாள்தான் தண்ணீர் தோது, அதனால் உங்கள் தாளில் அவர்களுக்கு வருமானம் என்று ஒன்றும் நிற்காது. 1994-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த அட்டவணையில் சம்பாதிக்காத மனைவியின் வருமானம் என்பது கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியிருந்தார்கள். பின்னால் உச்ச நீதிமன்றமே அது சரியில்லை என்று சொன்னது. சட்டத்தில் போன பழக்கம் கணக்கு போடுகிறவர்கள் கையில் இன்னும் போகவில்லை.

நிவாரணத் தொகையும் இப்படித்தான் அலைகிறது. பேரிடரில் இறந்தால் 4 லட்சம். மத்திய அரசின் மீனவர் விபத்துக் காப்பீட்டில் 5 லட்சம். 2017-இல் ஒக்கி புயலில் குமரி மாவட்ட மக்கள் தெருவில் உட்கார்ந்த பிறகு 20 லட்சம் வந்தது. அவர்களுக்குக் கிடைத்தது நியாயம், அதில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்கக் கூடாது. ஒருவராகத் தனியாகச் சாகிற வள்ளக்காரனுக்காகத் தெருவில் உட்கார யாரும் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். உடல் கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை. ஏழு வருஷம் தகவல் இல்லை என்றால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், ஒக்கியின்போது அதைத் தளர்த்தினார்கள். என் அக்காவுக்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. அதுவரை மச்சான் ரேஷன் கார்டில் இருக்கிறார்.

எண்ணே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. இந்த மாநிலத்தில் எந்த உயிரைக் காப்பாற்றுகிற திட்டமானாலும் ஒரே எண்ணைப் போடுங்கள், சென்னை மேம்பாலத்துக்கு எதுவோ எங்கள் விளக்குக்கும் அதுவே. அந்த எண் என்ன என்று தமிழில் எழுதி ஊர் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அப்படிப் போட்டும் எங்கள் திட்டம் தேறவில்லை என்றால், ஒரு ஆள் நேரில் வந்து சொல்லட்டும். நாங்கள் கேட்டுக்கொள்வோம். வருத்தம் இருக்கும், ஆனால் கேட்டுக்கொள்வோம்.

அக்காவுக்காக நான் எழுதிய மனு ஒருமுறை திரும்பி வந்தது, ‘மாத வருமானம்’ என்ற கட்டம் காலியாக இருக்கிறது, பூர்த்தி செய்து அனுப்பவும் என்று. அக்காவிடம் கேட்டேன். “வாடையில ஒரு மாதிரி வரும், கச்சான்ல ஒண்ணும் இருக்காது, நீயே ஒண்ணு போட்டுக்க தம்பி” என்றாள். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், போட முடியவில்லை. அந்தத் தாள் இப்போதும் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது.

ஒருநாள் வாருங்கள். பகலில் வேண்டாம், இரவு எட்டு மணிக்கு மேல் இறங்குதளத்துக்கு வாருங்கள். வள்ளம் வருகிற சத்தம் கேட்டதும் பெண்கள் கரையில் நின்று செல்போன் டார்ச்சை ஆட்டுவார்கள். என் அக்காவும் அங்கே நிற்பாள்.

இப்படிக்கு,
பாம்பன் கரையிலிருந்து ஒரு சங்கக் கணக்கர்