கொழும்பு வடக்கின் பிள்ளைகளைக் காக்க ஓர் ஒதுக்கீடு: அரசுக்கும் மாநகர சபைக்கும் திறந்த மடல்

கௌரவ பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் அவர்களுக்கும், நிதி அமைச்சின் அதிகாரிகளுக்கும், கொழும்பு மாநகர சபையின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கொட்டாஞ்சேனையில் பிறந்து, இப்பகுதிப் பாடசாலைகளில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். குற்றக் குழுக்கள் எங்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதைத் தடுக்க, அண்மையில் எங்கள் பகுதியில் நடைபெற்ற பிரஜா பொலிஸ் குழுக் கூட்டத்தில், அதாவது பொலிசாரும் பகுதி மக்களும் சேர்ந்து இயங்கும் குழுவின் கூட்டத்தில், இரண்டே விடயங்களைக் கேட்டோம். பொலிஸ் நிலையத்தில் எந்நேரமும் தமிழில் முறைப்பாடு பதியக்கூடிய உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகள் கூடுவதற்கு, இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் மண்டபம் ஒன்று வேண்டும். "அதற்கெல்லாம் ஒதுக்கீடு இல்லை" என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் மரியாதையாகவே சொன்னார், உண்மையைத்தான் சொன்னார். ஒதுக்கீடு இல்லை என்பதே உண்மையாக இருப்பதால்தான் ஒதுக்கீடு செய்யும் அதிகாரமுள்ள உங்களிடம் வருகிறேன்.

பின்னணியை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2025 பெப்ரவரி 19 ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி உடையில் நுழைந்த ஒருவன், பாதாள உலகக் குற்றக் குழு ஒன்றின் தலைவனான கணேமுல்ல சஞ்சீவவை நீதிமன்ற அறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றதை நாடே அறியும். அந்த நீதிமன்றம் எங்கள் வீடுகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அதன் பின்னர் அரசாங்கம் செய்த வேலையையும் நாங்கள் காணாமல் இல்லை. பாதாளக் குழுத் தலைவர்கள் சிலர் 2025 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் கைதாகி நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டபோது, எங்கள் ஒழுங்கைகளிலும் மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி ஜனாதிபதி அவர்கள் "முழு நாடுமே ஒன்றாக" என்ற போதைப்பொருள் ஒழிப்புத் திட்டத்தை ஆரம்பித்து வைத்ததையும் மனதார வரவேற்றோம்.

ஆனால் ஒரு தலைவன் பிடிபட்டதும் அவனுடைய வேலை நின்றுவிடுவதில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு கைப்பேசியில் கட்டளையிடுபவனுக்கு இங்கே ஓடவும் தூக்கவும் பார்த்துச் சொல்லவும் ஆள் வேண்டும். அந்த ஆளை அவன் தோட்டங்கள் என்று நாங்கள் அழைக்கும் நெருக்கமான குடியிருப்புகளிலும் தொடர்மாடிகளிலும்தான் தேடுகிறான். முதலில் ஒழுங்கை முனையில் நின்று பொலிஸ் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை. பிறகு ஒரு சிறு பொதியை அடுத்த தெருவில் கொடுத்துவிட்டு வரும் வேலை. கூலியாக ஒரு சோடிச் சப்பாத்தோ, கைப்பேசிக்கு ரீலோடோ கிடைக்கிறது. பின்னர் பிள்ளைக்கே ஐஸ் என்ற போதைப்பொருளைப் பழக்கி விடுகிறார்கள். கடைசியில் மோட்டார் சைக்கிளை ஓட்டச் சொல்கிறார்கள், பின்னால் அமர்ந்து சுடச் சொல்கிறார்கள். செய்தியில் "சந்தேகநபர், வயது 21" என்று வாசிக்கப்படும் அந்த இளைஞனுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அவனை யார் அணுகினார்கள் என்பது அவன் வசித்த ஒழுங்கைக்கே தெரியும். அதைச் சொல்வதற்குத்தான் இடமில்லை.

இடமில்லை என்று நான் சும்மா சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தாய், வீடுகளில் சமையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்ப்பவர். தம்முடைய மூத்த மகனைப் பொதி கொண்டுபோகும்படி சிலர் வற்புறுத்துவதை அறிந்ததும், பயத்தை அடக்கிக்கொண்டு பொலிஸ் நிலையம் சென்றார். குற்றம் எதுவும் நடப்பதற்கு முன்பே சென்றார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எந்தத் தாயும் இப்படிச் செய்ய வேண்டும் என்றுதான் நீங்களும் மேடைகளில் கேட்டுக்கொள்கிறீர்கள். அன்று அங்கே தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் எவரும் கடமையில் இருக்கவில்லை. மொழிபெயர்ப்பதற்காக, வேறு அலுவலாக வாசலில் நின்றிருந்த முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவரை உள்ளே அழைத்தார்கள். அவர் அந்தத் தாயின் தோட்டத்தைச் சேர்ந்தவர். அவர் முன்னால், பெயர்களையும் சொல்லி, அந்தத் தாய் தம் முறைப்பாட்டைச் சொல்ல வேண்டியிருந்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில், அதை வாசிக்கத் தெரியாமலேயே கையொப்பமிட்டார். மறுநாள் மாலையே இருவர் வீட்டு வாசலுக்கு வந்து, "அக்கா, பொலிசுக்குப் போனீங்களாமே" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த வாரமே மகனைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி, ஹட்டனில் உள்ள தங்கையின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை இப்போது ஒரு கடையில் நிற்கிறான்.

சாரதியின் மீதோ, அன்று கடமையில் இருந்தவர்களின் மீதோ பழி சுமத்த நான் இதை எழுதவில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை இன்று பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பான் என்பதையே சொல்கிறேன். தமிழும் ஓர் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 18 ஆவது உறுப்புரை 1987 ஆம் ஆண்டின் திருத்தத்திலிருந்து கூறிவருகிறது. சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் பாதுகாக்க 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்ற விதியும் இருக்கிறது. இத்தனையும் இருந்தும், மாலை வேளையில் ஒரு தாய் சென்ற மேசையில் அவருடைய மொழி தெரிந்த ஒருவரை அமர்த்த ஒதுக்கீடு இல்லையென்றால், அந்தச் சட்டங்களால் அவருக்கு என்ன பயன் என்று பணிவுடன் கேட்கிறேன்.

சுற்றிவளைப்புகளுக்குப் பணம் இல்லாமல் போவதில்லை. 2023 டிசம்பரில் தொடங்கிய "யுக்திய" என்ற பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின்போது எங்கள் தோட்டங்களில் வீடு வீடாகத் தேடினார்கள். நாடெங்கும் பல்லாயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். அதனை இடைநிறுத்தி மீளாய்வு செய்யுமாறு ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்களே அடுத்த மாதம் கேட்க வேண்டியிருந்தது. கொள்ளளவைப் போல இரு மடங்குக்கும் அதிகமானோரை அடைத்து வைத்திருக்கும் நம் சிறைச்சாலைகளுக்குள், சிறிதளவு போதைப்பொருளோடு பிடிபட்ட பத்தொன்பது வயதுப் பையனும் போய்ச் சேர்கிறான். பல மாதங்கள் விளக்கமறியலில் இருந்துவிட்டு வெளியே வரும்போது, உள்ளே அறிமுகமான ஒரு குழுவின் ஆளாக வருகிறான். பாதாள உலகுக்கு அரசாங்கச் செலவிலேயே ஆள் சேர்த்துக் கொடுக்கும் வேலை இது என்று சொன்னால் நீங்கள் கோபிக்கக்கூடாது.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: வரும் வரவு செலவுத் திட்டத்தில், கொழும்பு வடக்கில் குற்றக் குழுக்களுக்குப் பிள்ளைகள் சேர்வதைத் தடுப்பதற்கென்று தனித் தலைப்பின் கீழ் நிதி ஒதுக்குங்கள். அந்த நிதி ஜீப்புக்கும் துப்பாக்கிக்கும் போகாமல், தமிழ் பேசும் உத்தியோகத்தர்களின் சம்பளத்துக்கும், முறைப்பாட்டாளர் தனிமையில் பேசக்கூடிய ஓர் அறைக்கும், பாடசாலையை விட்டு நின்ற பிள்ளையை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் சமூக சேவை உத்தியோகத்தருக்கும், ஐஸ் பழக்கத்துக்கு ஆளான சிறுவருக்குத் தமிழில் ஆற்றுப்படுத்தல் வழங்குபவருக்கும் போக வேண்டும். மாநகர சபை தன் பங்குக்கு, மாலையில் பூட்டிக் கிடக்கும் தன் மண்டபங்களையும் விளையாட்டிடங்களையும் திறந்து, மின்விளக்கும் காவலாளியும் கொடுத்தால் போதும்.

பணம் எங்கிருந்து வரும் என்று நிதி அமைச்சு கேட்கலாம். 2025 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க, குற்றச்செயல்களின் வரும்படிகள் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. போதைப்பொருள் பணத்தில் வாங்கிய வீடுகளும் வாகனங்களும் அதன் கீழ் அரசுடைமையாகும்போது, அந்தப் பணம் எங்கள் பிள்ளைகளின் உடம்பிலிருந்தும் எங்கள் குடும்பங்களின் அடுப்படியிலிருந்தும் உறிஞ்சப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு பங்கைச் சட்டப்படி இப்பகுதிகளுக்கே திருப்பித் தாருங்கள் என்று கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொழும்பு 13, 14, 15 என்ற முகவரியைக் கண்டதும் வேலை விண்ணப்பத்தை ஒதுக்கி வைக்கும் நிறுவனங்கள் இந்நகரில் இருக்கின்றன. நன்றாகப் படித்த என் மாணவர்கள் சிலர், உறவினரின் முகவரியைக் கொடுத்துத்தான் நேர்முகப் பரீட்சைக்கே போக முடிந்தது. நேர்மையாக உழைக்க முன்வருபவனுக்குக் கதவை மூடிவிட்டு, மற்றக் கதவு மட்டும் இரவு பகலாகத் திறந்திருந்தால், பதினேழு வயதுப் பிள்ளைக்கு நான் எதைச் சொல்லிப் புரிய வைப்பது? இது உங்கள் அமைச்சின் வேலையல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் தடுப்புக்கான நிதியைத் திட்டமிடுவோர் தொழிற்பயிற்சியையும் அதனுடன் சேர்த்து எண்ண வேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

கௌரவ அமைச்சர் அவர்களே, உறுப்பினர்களே, தடுப்புக்கெனத் தனி ஒதுக்கீடு செய்யுங்கள் என்பதை மீண்டும் ஒருமுறை பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்துக்கு முன்னர், இது இயலுமா இயலாதா என்பதை, இயலாதெனில் அதற்கான காரணத்தை, எழுத்தில், தமிழில் எங்கள் பிரஜா பொலிஸ் குழுவுக்கு அறியத் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.