ராடு சரியாக இருக்கிறதா, வோல்டேஜ் சரியாக இருக்கிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்துவிட்டால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விற்ற வாட்டர் ஹீட்டர் ராடுகளில் சில கடைக்குத் திரும்பி வரும். "1500 வாட்ஸ்னு போட்டிருக்கு, ஒரு பக்கெட் தண்ணி சுடவே மாட்டேங்குது" என்பார்கள். பெரும்பாலும் ராடில் குறை இருக்காது. அதை நீங்களே கண்டுபிடிக்கலாம் என்பதால்தான் இந்த மடல்.

வோல்ட், ஆம்பியர் என்ற இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ், அதாவது திறன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. இந்த வகுத்தல் கணக்கு 1827இல் ஜெர்மானியர் ஜார்ஜ் சைமன் ஓம் வெளியிட்ட விதி.

ராடில் எழுதியிருக்கும் 1500 வாட்ஸ், 230 வோல்ட் கிடைத்தால்தான் உண்மை. 1500ஐ 230ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். 230ஐ 6.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய 35 ஓம். உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பி சூடானாலும் இந்த 35 பெரிதாக மாறாது. சரி, ஊரே ஹீட்டர் போடும் காலை 6 மணிக்கு உங்கள் வீட்டில் 180 வோல்ட்தான் வருகிறது என்று வையுங்கள். 180ஐ 35ஆல் வகுத்தால் 5.1 ஆம்பியர், 180ஐ 5.1ஆல் பெருக்கினால் 920 வாட்ஸ்கூட இல்லை. வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறைந்தது, சூடோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. வோல்ட் குறையும்போது ஆம்பியரும் கூடவே குறைவதால் அடி இரண்டு மடங்காக விழுகிறது. 15 லிட்டர் தண்ணீரை 18 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர 1500 வாட்ஸில் சுமார் 22 நிமிடம் ஆகும். 920 வாட்ஸில் 36 நிமிடம். பக்கெட்டிலிருந்து வெளியே போகும் சூட்டை இதில் சேர்க்கவில்லை.

ராடையே சந்தேகப்பட்டால், பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டு சிறிய பின்களிலும் தொடுங்கள். 1500 வாட்ஸ் ராடு என்றால் 35க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 1000 வாட்ஸ் 53, 2000 வாட்ஸ் 26. எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே இருக்கும் காயில் (சுருள் கம்பி) அறுந்திருக்கிறது. அப்புறம் சிறிய பின் ஒன்றிலும் பெரிய எர்த் பின்னிலும் தொட்டுப் பாருங்கள். அங்கே ஏதாவது ஓம் காட்டினால் அந்த ராடு உயிருக்கு ஆபத்து. தயவுசெய்து அன்றே தூக்கிப் போடுங்கள். எதுவும் காட்டாவிட்டாலும் அதுவே முழு உத்தரவாதம் ஆகாது. கடைக்குக் கொண்டு வந்தால் மெக்கர் (அதிக வோல்டேஜில் மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்துச் சொல்கிறோம்.

பழைய குண்டு பல்பில் மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. எரியும்போது 60 வாட்ஸ் பல்பின் தடை 880 ஓம் வரும். ஆறிக் கிடக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் காட்டும்.

மோட்டாரிலும் ராடுக்குப் போட்ட ஓம் கணக்கைப் போடாதீர்கள். காயிலில் மீட்டர் வைத்தால் சில ஓம்தான் காட்டும், ஆனால் ஓடும் மோட்டார் தானே எதிர் வோல்டேஜ் உண்டாக்கி ஆம்பியரைக் கட்டுப்படுத்துகிறது. வாட்ஸ் பார்க்க பவர் ஃபேக்டரையும் (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி வருவதில் உண்மையான வாட்ஸ் எத்தனை பங்கு என்று சொல்லும் எண்) பெருக்க வேண்டும், த்ரீ பேஸ் என்றால் 1.732ஐயும் சேர்த்து. 400 வோல்ட், 8 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.8 என்றால் மோட்டார் சுமார் 4,430 வாட்ஸ் இழுக்கிறது. இன்னொன்று, ராடுக்கு நேர்மாறாக, வோல்டேஜ் இறங்கினால் லோடில் இருக்கும் மோட்டார் அதிக ஆம்பியர் எடுக்கும். 10 ஆம்பியர் 12 ஆனால் காயிலின் சூடு 44 சதவீதம் ஏறும். ரீவைண்டிங்குக்கு (புதிதாகக் காயில் சுற்ற) வரும் மோட்டார்களில் பல இப்படிக் கருகியவைதான்.

கிணற்றுக்குப் போகும் வயரைப் பற்றி எங்களுக்கு உண்மையான கவலை உண்டு. மாந்தோப்பில் மீட்டர் பலகையிலிருந்து போர்வெல் 100 மீட்டர் தள்ளி இருந்தால், போகவும் வரவும் 200 மீட்டர் செம்பு. 2.5 எம்எம் வயரில் அது 1.6 ஓம். சிங்கிள் பேஸ் மோட்டார் 10 ஆம்பியர் எடுத்தால் வழியிலேயே 16 வோல்ட் போய்விடும், 160 வாட்ஸ் வயரைச் சூடாக்கும். 4 எம்எம் போட்டால் 1 ஓம், 10 வோல்ட். விவசாய மின்சாரம் இலவசம், பில் வராது என்று இதை விட்டுவிடாதீர்கள். அந்த 16 வோல்ட் மோட்டாருக்குக் கிடைக்காமல் போகிறது, ரீவைண்டிங் செலவு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

ஆம்பியர் பார்க்க டாங் டெஸ்டரே (வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர்) நல்லது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்டும், ஒரே வயரைப் பிடிக்க வேண்டும். சாதாரண மீட்டரை ஆம்பியரில் வைத்துக்கொண்டு பிளக் பாயின்ட்டில் ஒருபோதும் செருகாதீர்கள், ஷார்ட் ஆகிவிடும்.

அடுத்த முறை மோட்டாருக்கோ வயருக்கோ வரும்போது, மோட்டார் ஓடும் நேரத்தில் மீட்டர் பலகையில் எவ்வளவு வோல்ட், ஸ்டார்ட்டரில் எவ்வளவு, எத்தனை ஆம்பியர் என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாருங்கள். இரண்டு இடத்துக்கும் 10 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் வயரையும் ஜாயிண்ட்டுகளையும் பார்ப்போம். புது மோட்டார் விலை அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் எலக்ட்ரிக்கல் கடை,
கிருஷ்ணகிரி