மீனாளுக்கு வேண்டாம், நீ வா

ஆத்தங்குடி,
புரட்டாசி 10

அன்புள்ள தம்பி செந்திலுக்கு அப்பா எழுதுவது.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் விஷயம், போனில் இதைப் பேச எனக்கு வாய் வராது. அதனால்தான் நோட்டுத் தாளில் எழுதி, நானே படம் பிடித்து அனுப்புகிறேன். ரூமில் மற்ற பையன்கள் இருந்தால் பிறகு படி.

மருமகள் மீனாளுக்கு எட்டு மாதம் முடியப்போகிறது. போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.2தான் இருக்கிறது என்று இரும்புச்சத்து மருந்தைப் பாட்டிலில் கலந்து ஏற்றினார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் வருகிற 18,000 ரூபாய் உதவிக்கும் பதிந்தாகிவிட்டது. அந்த அம்மா 1886-ல் நம்ம பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர், தெரியுமோ உனக்கு? படிக்க விடாத காலத்தில் டாக்டருக்குப் படித்து வந்தவர்.

அங்கே நர்ஸம்மா கேட்டார், "இது ரெண்டாவதாச்சே, இதுக்கப்புறம் என்ன யோசிச்சிருக்கீங்க?" மீனாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "பிள்ளை பிறந்ததும் எனக்கு ஆபரேஷன் பண்ணிரச் சொல்லிட்டாக" என்றாள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வேறு யார் சொல்லப் போகிறார்கள்.

தம்பி, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறந்த மறு வருஷம், 1990-ல், ஆபரேஷன் செய்துகொண்டது உங்கம்மா இல்லை. நான்.

உங்கம்மாவும் அப்போது இப்படித்தான், வெளுத்துப்போய்க் கிடந்தாள். இந்த உடம்பில் கத்தி வைக்க யோசிக்க வேண்டும் என்று அன்றைய நர்ஸ் சொன்னார். "நீங்க பண்ணிக்கலாமே" என்றும் சொன்னார். எனக்குக் கை கால் உதறிவிட்டது. எமர்ஜென்சியில், 1976-77 ஒரு வருஷத்தில் மட்டும் நாட்டில் 62 லட்சம் ஆண்களுக்குச் செய்தார்கள், வடக்கே பல ஊரில் பிடித்துக்கொண்டு போய். அந்தக் கதையெல்லாம் கேட்டு வளர்ந்த வயசு எனக்கு. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிற கூட்டத்தில் ஒருத்தன் செய்துகொண்டான் என்று தெரிந்தால் போதும், "காயடிச்ச மாடு" என்று பேர் வைத்துவிடுவார்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம். சீட்டு எழுதுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பொம்பளையக் கூட்டிட்டு வாய்யா, நீ எதுக்கு வந்தே?" என்றார். வரிசையே சிரித்தது. திரும்பி வாசல் வரைக்கும் நடந்துவிட்டேன். வாசலில் உங்கம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலியைப் பிடித்து நின்றாள். அந்த நிற்பைப் பார்த்துத்தான் மறுபடி உள்ளே போனேன்.

அப்போது கத்தியால் கீறித் தையல் போட்டார்கள். ஒரு வாரம் நம்ம தரைக்கல் பட்டறையில் கல் தூக்கவில்லை. உட்கார்ந்தபடி கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் மட்டும் ஊற்றிக்கொடுத்தேன். மணலும் சிமென்ட்டும் தூவி, பூசி, தண்ணீர்த் தொட்டியில் இறக்கியதெல்லாம் உன் பெரியப்பா. முதுகுப் பிடிப்பு என்று சொல்லி வைத்திருந்தேன். எட்டாம் நாள் எழுந்து நானே தூக்கினேன். முப்பத்தைந்து வருஷமாகத் தூக்குகிறேன்.

ஊருக்குள் உங்கம்மாதான் செய்துகொண்டாள் என்று பேச்சு. நானும் திருத்தவில்லை, அவளும் திருத்தவில்லை. அவளுக்கு எப்போது இடுப்பு வலித்தாலும் "ஆபரேஷன் பண்ணின உடம்பு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லுவார்கள். நான் பேசாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது, ஆபரேஷன் இல்லை.

இப்போது கத்தியும் இல்லை, தையலும் இல்லை. 'தழும்பில்லா நவீன வாசக்டமி' என்று போர்டு போட்டிருக்கிறார்கள். விதைப்பைத் தோலில் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துளை வழியே விந்துக் குழாயை மட்டும் கட்டிவிடுகிறார்கள். விதையைத் தொடுவதே இல்லை, காயடிப்பதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கால் மணி நேர வேலை. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது. ஆனால் ஒன்று, செய்த மறுநாளே பலன் கிடையாது. மூன்று மாதம் நிரோத் உறை போட்டாக வேண்டும். அப்புறம் விந்துப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் முடிந்தது. இதைச் சரியாகக் கேட்காமல்தான் சிலர் "பண்ணியும் பிள்ளை பிறந்திருச்சு" என்று பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிறான்கள். முட்டாள்கள்.

செலவு இல்லை. 1,100 ரூபாய் அவர்களே கொடுப்பார்கள். அந்தப் பணத்துக்காக வா என்று நான் சொல்லவில்லை. மீனாளுக்குச் செய்தாலும் இலவசம்தான். ஆனால் அவளுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், உனக்குத் துளை. முதல் பிரசவம் சுகப்பிரசவம், இதுவும் அப்படியே ஆகும் போலிருக்கிறது. பிறகு எதற்குக் கத்தி?

நாடு முழுக்க 2019-21-ல் கணக்கெடுத்தார்களாம். கல்யாணமான பெண்களில் 100-க்கு 38 பேர் தாங்களே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்டது 1,000-க்கு 3. நர்ஸம்மா சொன்னபோது எனக்கு மீசையைத் தடவிக்கொள்ளத் தோன்றியது, அந்த மூன்றில் நானும் ஒருத்தன் என்று. அப்புறம் வெட்கமாகவும் இருந்தது.

நிரந்தரமாக வேண்டாம் என்று நீங்கள் இருவரும் நினைத்தால், பிரசவத்தோடேயே கருப்பையில் காப்பர்-டி வைக்கிறார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசியும் இருக்கிறது. இவையும் இலவசம். அது மீனாள் உடம்பு, அவள்தான் சொல்ல வேண்டும். அவள் ஆபரேஷனே செய்துகொள்வதானாலும் உன் கையெழுத்து தேவையில்லையாம், கேட்டுக்கொண்டேன். ஆனால் அவள் பயந்து தலையாட்டினதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளாதே. அவளிடம் பேசு. பெரியவளுக்கு நாலு வயசாகிறது, அதனால் உனக்குச் செய்வதில் விதிப்படி தடை ஒன்றும் இல்லை.

வருஷா வருஷம் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென்றே இருவார விழா நடத்துகிறார்கள். பிள்ளை ஐப்பசியில் பிறக்கும். நீயும் லீவு அதை ஒட்டித்தானே கேட்டிருக்கிறாய், பத்து நாள் கூட்டிக் கேள். கார்த்திகை அடைமழையில் கல் காயாது, பட்டறையில் எனக்கும் வேலை இருக்காது. சீட்டு எழுதுகிற இடத்தில் உன் பக்கத்தில் நானே நிற்கிறேன். எவன் சிரிக்கிறான் என்று பார்ப்போம்.

டிக்கெட் போட்டதும் சொல்.

அப்பா