ஜெர்மனியில் இருக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

தக்கலைப் பக்கத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் அக்டோபரில் உன் யுனிவர்சிட்டிக்கு வருகிறார்கள். திருவனந்தபுரத்தில் ஏற்றிவிடுவதோடு எங்கள் வேலை முடிந்தது. அப்புறம் உன் பாடு.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் நீ போட்ட பி.டி.எஃப்பைப் பார்த்தேன். உழைத்திருக்கிறாய். ஆனால் வந்து இறங்கின வாரத்தில் அதை யாரும் படிக்க மாட்டார்கள் மக்களே. ஒரு நாள் அவர்களோடு கூடப் போ.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் அது நடக்காது. சாவி வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்கச் சொல். அறையைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பக் கூடாது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடு.

அப்புறம் தபால் பெட்டி. வரி எண், இன்சூரன்ஸ் அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். நம்மூரில் அப்பா பேரைச் சொன்னாலே தபால்காரர் வீட்டுக்கு வந்துவிடுவார். அங்கே பெட்டியில் பேர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே போய்விடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அப்பா பேர்தானே இருக்கும்? பெட்டியில் அதைத்தான் ஒட்ட வேண்டும். செல்லோ டேப்போடு போய் முதல் நாளே ஒட்டிவிடு.

விசாவுக்காகப் பணத்தை முடக்கி வைக்கிற பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட்டிருக்கிறார்கள். ஆனாலும் மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும், அதுவும் அங்கே ஒரு பேங்க் கணக்கு திறந்த பிறகுதான். அதுவரைக்கும் கையில் கொஞ்சம் காசு வேண்டும் என்று வீட்டாரிடம் நான் சொல்லிவிட்டேன். பார்ட் டைம் வேலை வாங்கித் தருவதாக நீ வாக்குக் கொடுத்துவிடாதே. மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம் என்ற கணக்கை மட்டும் சொல்லிக்கொடு, போதும்.

அக்டோபரில் கூட்டமாகப் பிரியாணி வைத்துச் சாப்பிடுவீர்கள், அது இருக்கட்டும். நவம்பரில்தான் கவனிக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை கடையும் திறக்காது. குரூப்பில் பேசாமல் இருக்கிறவனை அப்போது கூப்பிட்டுப் பார். ரொம்ப ஒடிந்து போயிருந்தால் நீயே வைத்தியம் பார்க்காதே. மாணவர் சேவை அமைப்பின் கவுன்சலிங்குக்குக் கூட்டிப் போ, பெரும்பாலும் காசு கிடையாது.

இருவரின் அம்மாக்களும் உனக்குப் போன் போடுவார்கள். ஒரு தடவை பேசு. தினமும் ரிப்போர்ட் கொடுக்க ஆரம்பித்தால் உன் படிப்பு போய்விடும்.

நேந்திரங்காய் சிப்ஸ் கொடுத்துவிடுகிறேன். நெய் கேட்காதே, பால் சாமான் எதையும் பெட்டியில் வைத்து ஐரோப்பாவுக்குள் கொண்டுவர விட மாட்டார்கள்.

அன்புடன்,
அண்ணன்