முனைகளை முதலில் திறந்து விடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தருமபுரி நகரின் போக்குவரத்து நெரிசல் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. சாலையை அகலப்படுத்த வேண்டும், அடுக்குமாடி வாகன நிறுத்துமிடம் கட்ட வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளோடு பெரும்பாலும் அந்தச் செய்தி முடிந்துவிடுகிறது. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எனக்கு இதில் வேறு கருத்து உண்டு. நம் ஊரில் நெரிசல் பிறப்பது தெரு முனைகளில்தான். முனையில் பிறந்து, அங்கிருந்து ரோடு முழுக்கப் பரவுகிறது.

சேலம் - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை ஊருக்கு வெளியே போகிறது. வடக்கே இருந்து வரும் கன்டெய்னர் லாரி எதுவும் நகருக்குள் இருக்கிற நான்கு ரோடு சந்திப்புக்கு வந்து நிற்பதில்லை. ஆகவே ஆறுமுக ஆசாரி தெருவிலும் சின்னசாமி நாயுடு தெருவிலும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் சிக்கி நிற்பவை எல்லாம் நம்முடைய வண்டிகள்தான். கடைக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், பிள்ளையை ஸ்கூலில் விட வந்தவர்கள். நாம் உண்டாக்கியதை நாமே சரி செய்யலாம் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

பஸ் திரும்புவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஏறக்குறைய 36 அடி நீள வண்டி. இடது பக்கம் ஒடித்தால் முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது; முனையை ஒட்டி உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த இடத்தில் நாலைந்து பைக் நின்றால் போதும், டிரைவர் வண்டியை வலது பக்கம் ஏற்றி, எதிரே வருகிறவர் பாதையில் பாதியைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். எதிரே ஒரு பஸ் வந்துவிட்டால் அவ்வளவுதான். இரண்டும் மூக்கோடு மூக்கு நிற்கும். பின்னால் எடுக்கலாம் என்றால் அதற்குள் ஆட்டோக்களும் பைக்குகளும் வந்து அடைத்திருக்கும்.

அப்புறம் கண்டக்டர் இறங்குவார். அந்த பைக்குகள் எல்லாம் ஹேண்டில் லாக் போட்டிருக்கும், தள்ளினால் நேராகப் போகாது. டீக்கடையில் நிற்கிற இரண்டு பேரைக் கூப்பிட்டு, பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தூக்கி, ஒவ்வொன்றாக நகர்த்தி வைக்க வேண்டும். கடைசி பைக்கை நகர்த்தும்போது அதன் சொந்தக்காரர் வந்து, "யாருய்யா என் வண்டியத் தொட்டது?" என்று சண்டைக்கு நிற்பார். இந்த நேரத்துக்குள் நான்கு ரோடு வரைக்கும் ஹாரன் சத்தம் போய்ச் சேர்ந்திருக்கும். திட்டு மட்டும் பஸ் டிரைவருக்கு.

கணக்காகவும் சொல்கிறேன். முப்பது அடி ரோடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கார் நின்றால், கண்ணாடியையும் சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு அடி போய்விடும். மிச்சம் பதினெட்டு. பஸ்ஸின் அகலம் எட்டரை அடி. இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் பதினேழு. மீதமுள்ள ஒரே ஒரு அடியை வைத்துக்கொண்டு கடக்க வேண்டும், நடுவில் ஒரு சைக்கிள்காரர்கூட வரக் கூடாது. அதே ரோட்டில் ஒரு பக்கம் மட்டும் வண்டி நிறுத்தினால் இருபத்துநான்கு அடி கிடைக்கும். எந்த டிரைவரும் நிம்மதியாக ஓட்டுவார்.

பஸ் நிறுத்தத்திலும் இதே கதை. ஓரத்தில் பைக் வரிசை நிற்பதால் பஸ்ஸை ஓரம் கட்ட முடியாது. "டிரைவர் நடுரோட்டிலே நிறுத்துறான்" என்று பின்னால் வருகிறவர் சொல்வார். ஓரம் எங்கே இருக்கிறது, கட்டுவதற்கு? பஸ்ஸின் கடைசிப் படிக்கும் தரைக்கும் உள்ள உயரம் முழங்கால் வலி உள்ளவர்களுக்குத்தான் தெரியும். நடைமேடையை ஒட்டி நின்றால் அந்த உயரம் பாதியாகிவிடும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. காய்கறிப் பையோடு உழவர் சந்தைக்குப் போய் வருகிற வயதான அம்மாக்கள் எத்தனையோ பேர் அந்தப் படியில் பையை முதலில் இறக்கி வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி இறங்குவார்கள். அவர்கள் இறங்கும் இடத்துக்கும் கடை ஓரத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் பைக்குகள் சீறிக்கொண்டு போகும். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போன்ற கஷ்டம் வேறு இல்லை.

ஆம்புலன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகருக்குள், நேதாஜி பைபாஸ் ரோட்டில் இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவர்களுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2022 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. நல்ல விஷயம். நம் மக்களும் சைரன் கேட்டால் ஒதுங்கத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஒதுங்க இடம் வேண்டுமே! ஓரத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, கண்ணாடி ஏற்றி, ஆளில்லாமல் நிற்கிற கார்தான் ஆம்புலன்ஸை மறிக்கிறது. அந்த காரின் சொந்தக்காரர் ஜவுளிக்கடை மாடியில் இருப்பார். சைரன்கூட அவர் காதில் விழாது.

தெருவோர நெரிசல் என்றதும் முதலில் தள்ளுவண்டிக்காரர்களை விரட்டுவது வழக்கமாகிவிட்டது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கார் ஐந்தரை அடி அகலம், பதின்மூன்று அடி நீளம். கொய்யாப்பழ வண்டி அதில் பாதிகூட இல்லை. அதை வைத்து ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. முதலில் காரைப் பற்றிப் பேசுவோம்.

இடமே இல்லையா என்றால், இருக்கிறது. நாள் முழுக்க நிற்கிற வண்டிகள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. காலை ஒன்பதரைக்குக் கடைத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். வாடிக்கையாளர் ஒருவர்கூட வந்திருக்க மாட்டார், கடை வாசல்கள் நிறைந்திருக்கும். முதலாளியின் கார், ஊழியர்களின் பைக்குகள். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அவை கிளம்பும். அரை மணி நேர வேலைக்கு வருகிற வாடிக்கையாளருக்கு இடமில்லாமல், நிற்கிற வண்டிக்குப் பக்கத்திலேயே இரண்டாவது வரிசை போடுகிறார். ஊழியர் பைக் ஒன்று பத்து மணி நேரம் நிற்கிற இடத்தில், அரை மணிக்கு ஒருவராக இருபது வாடிக்கையாளர் வந்து போகலாம். பார்க்கிங்கைக் கட்டுப்படுத்தினால் வியாபாரம் படுத்துவிடும் என்று சொல்கிற வணிகர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். கடை ஆட்களின் வண்டிகளுக்கு மட்டும் சற்றுத் தள்ளி ஒரு காலி மனையை மாத வாடகைக்கு எடுத்து, ஷீட் போட்டு, ஒரு காவலரை வைத்தால் போதும். வணிகர் சங்கம் முன்வந்தால் நகராட்சி இதற்கு உதவ மறுக்காது என்று நினைக்கிறேன். சரக்கு இறக்குகிற டெம்போக்களும் காலை ஒன்பதுக்கு முன்பே வேலையை முடித்துக்கொள்ளலாம்.

மற்ற வண்டிகளுக்கு ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று முறை வைக்கலாம். என் மகன் புனேயில் வேலை பார்க்கிறான். அங்கே பி1, பி2 என்று போர்டு வைத்திருப்பார்கள்; ஒற்றைப்படைத் தேதியில் ஒரு பக்கம், இரட்டைப்படைத் தேதியில் எதிர்ப்பக்கம். எந்தக் கடைக்காரரும் "என் வாசலில் மட்டும் ஏன்?" என்று கேட்க முடியாது. இதற்குப் பெரிய செலவும் கிடையாது.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்பு முனைகள். முனையிலும் பஸ் நிறுத்தத்திலும் பள்ளி, ஆஸ்பத்திரி வாசலிலும் வண்டி நிறுத்தக் கூடாது என்பது லைசென்ஸ் எடுக்கும்போதே படிக்கிற விதி. போர்டு வைத்தால் அதன் அடியிலேயே நிறுத்துகிறார்கள். ஒரு வாரம் போலீஸ் நின்று அபராதம் போட்டால் அந்த ஒரு வாரம் சரியாக இருக்கும். எல்லா முனையிலும் எப்போதும் ஒரு காவலரை நிறுத்த முடியாது. அதனால் ஒவ்வொரு முனையிலும் இரண்டு பக்கமும் முப்பது அடிக்கு நடைபாதை ஓரத்தில் மஞ்சள் கோடு போட்டு, அந்தக் கோட்டை ஒட்டி, ரோட்டில் பைக் நிற்கிற இடத்திலேயே வளைந்து கொடுக்கிற ரப்பர் கம்பங்களை வரிசையாக நட வேண்டும். பஸ்ஸின் பின்சக்கரம் பட்டாலும் சாய்ந்து எழும். பைக் நிறுத்த இடம் கொடுக்காது.

ஆடிப்பெருக்குக்கு நம் ஊர் வழியாக ஒகேனக்கல் போகிற கூட்டம் பென்னாகரம் ரோட்டில்தான் போகும். அதற்குள் நான்கு ரோட்டிலும் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள முனைகளிலும் மட்டுமாவது இதைச் செய்து பார்க்கும்படி நகராட்சியையும் போக்குவரத்துக் காவல் துறையையும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எந்த முனையில் எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதை, இப்போது பஸ் ஓட்டுகிற டிரைவர்கள் இரண்டு பேரைக் கூட்டிப்போய்க் கேட்டாலே சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு பஸ் ஓட்டுநர்,
குமாரசாமிப்பேட்டை, தருமபுரி.