மறைக்கச் சொல்லாதீர்கள், அளவெடுத்துத் தைக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் உடல்வாகுக்கு ஏற்ற ஆடைகள் குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பருமனான பெண்கள் அடர்நிறங்களையே உடுத்த வேண்டும், குறுக்குக் கோடுகளைத் தவிர்க்க வேண்டும், கையின் சதை தெரியாதபடி முழங்கை வரை மூட வேண்டும் என்று அதில் கண்ட யோசனைகள், உடலில் ஏதோ குற்றம் இருப்பதாகவும் அதை ஒளிப்பதே உடையின் வேலை என்றும் படிப்பவர்களை எண்ண வைக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் நெடுங்காலமாகப் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்து வருபவள் என்ற முறையில் இதை மறுத்து எழுதுகிறேன்.

குறுக்குக் கோடு உடலை அகலமாகக் காட்டும் என்பதே சரியல்ல. ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் குறுக்குக் கோடிட்டது உயரமாகவும், நெடுங்கோடிட்டது அகலமாகவும் கண்ணுக்குத் தோன்றும் என்று ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடையணிந்த பெண்ணுருவப் படங்களைக் கொண்டு இதைச் சோதித்து, குறுக்குக் கோடு பருமனாகக் காட்டுவதில்லை என்று 2011இல் எழுதினார்கள்.

உடை எடுப்பாக அமைவது பெரும்பாலும் வெட்டையும் தையலையும் பொறுத்தது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்காமல் கையின் மேல் இறங்கினால், மெலிந்த பெண்ணும் யாருடைய சட்டையையோ வாங்கிப் போட்டுக்கொண்டவள் போலத் தெரிவாள். கைக்குழியை, அதாவது சட்டைக்கை வந்து இணையும் வளைவை, நன்றாக இறக்கி வைத்தால் வசதியாக இருக்கும் என்று பலர் கேட்டுத் தைக்கிறார்கள். அக்குளை விட்டு அது கீழே போகப் போக, பேருந்துக் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் மேலேறிவிடும் என்பதை முதல் வகுப்பிலேயே நான் செய்து காட்டுகிறேன். மார்பின் வடிவுக்கேற்பத் துணியை மடித்துப் பிடிக்கும் தையலான டக், மார்பின் உச்சிக்குச் சுமார் 1 அங்குலம் முன்பாக முடியாவிட்டால் அந்த இடத்தில் துணி கூம்பு போலத் துருத்தி நிற்கும். இக்குறைகள் எல்லா உடலுக்கும் பொதுவானவை, எல்லாமே கத்தரிக்கோலாலும் ஊசியாலும் தீரக்கூடியவை.

அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு வந்துவிடும் வழக்கத்தையும் நாம் விட வேண்டும். பிள்ளை பெற்ற பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் உடல் மாறுவது இயற்கை. ஐந்தாறு ஆண்டுகள் துவைத்துத் தளர்ந்த ரவிக்கை அந்த மாற்றத்தை எப்படிச் சொல்லும்? தையற்கடையில் நின்று, நாடாவால் அளவெடுக்கச் செய்யுங்கள். பக்கவாட்டில் 1 அங்குலம் துணியை உள்ளே விட்டுத் தைக்கச் சொன்னால் பின்னர் பிரித்து விட்டுக்கொள்ளலாம். பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டத் தர வேண்டும். புடவையோடு வரும் ரவிக்கைத் துணி போதாதபோது, இழுத்துப் பிடித்து இறுக்கமாகத் தைப்பதைவிடத் தனியாக 1 மீட்டர் வாங்குவது நல்லது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் இந்தக் கடலோர மாவட்டத்தின் புழுக்கத்தில், ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கறுப்புப் பாலியஸ்டரில் முழங்கை வரை மூடிக்கொள்ளச் சொல்வது கொடுமை.

ஆயத்த ஆடைக் கடைகளில் நடப்பது இன்னும் வேதனையானது. ஒரு நிறுவனத்தின் எக்ஸ்எல் இன்னொரு நிறுவனத்தின் எல்லுக்குச் சமமாக இருக்கும் நிலையில், "உங்க சைஸுக்கு இங்க வராது" என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லக் கேட்டு, தலைகுனிந்து என் வகுப்புக்கு வந்து சேர்ந்த பெண்கள் உண்டு. தன் அளவுக்குத் தானே வெட்டித் தைத்த சுடிதாரை அணிந்து அவர்கள் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கிவிடும்.

பெண்கள் எதை எப்படி உடுத்த வேண்டும் என்று பிறர் விதிப்பதன் வலியை இந்த மண் நன்கு அறியும். மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தில் கல்குளம் பகுதியிலும் சுற்று வட்டாரங்களிலும் மேலாடை அணிந்த பெண்கள் தாக்கப்பட்டார்கள், அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று, அப்போது இப்பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட பிரகடனம் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதித்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையை விட்டுவைத்தது. அந்த நிபந்தனையையும் கடந்து வந்த பெண்களின் பேத்திகளுக்கு, 'உன் உடம்புக்கு இந்த நிறம் ஆகாது, இந்தக் கை ஆகாது' என்று நாம் புதிய பட்டியல் தரலாமா?

எனவே, தோள், மார்பு, இடுப்பு, கைக்குழி அளவுகளை வீட்டிலேயே சரியாக எடுப்பது எப்படி என்பதைப் படங்களுடன் விளக்கும் தொடர் ஒன்றை, அனுபவமுள்ள தையற்கலைஞர்களைக் கொண்டு அதே மகளிர் பக்கத்தில் தாங்கள் வெளியிட வேண்டும். நாகர்கோவில், மார்த்தாண்டம் ஜவுளிக் கடை உரிமையாளர்கள், வாங்கிய உடையை அங்கேயே பிரித்துத் திருத்தித் தர ஒரு தையற்காரரையாவது கடையில் அமர்த்த வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.